உளவியல் பட்டம் வாசற்படிதான்: மலேசியாவில் ஆலோசகர், மருத்துவ உளவியலாளர், பள்ளி ஆலோசனை ஆசிரியர் ஆவது எப்படி?

ஐந்தாம் படிவ இறுதியில் எழுதும் எஸ்பிஎம் தேர்வின் முடிவு வந்த கையோடு கோலாலம்பூரில் கல்விக் கண்காட்சிகள் களைகட்டும். உளவியல் படிக்கலாமா என்று அங்கே விசாரிக்கும் பெற்றோருக்குப் பெரும்பாலும் கிடைக்கிற பதில், "டிகிரி முடிச்சா கவுன்சலர் ஆகலாம், சொந்தமா சென்டர் வைக்கலாம்" என்பதுதான். இந்தப் பதிலை நம்பி மூன்று ஆண்டும் பல பத்தாயிரம் ரிங்கிட்டும் செலவழித்த பிறகு, தங்கள் பட்டத்தை வைத்து எந்தப் பதிவேட்டிலும் பெயர் ஏற்ற முடியாது என்று தெரிந்துகொள்ளும் இளையோர் நம்மில் நிறைய. பல்கலைக்கழகம் அவர்களை ஏமாற்றவில்லை. பட்டத்துக்கும் தொழிலுக்கும் நடுவே இருக்கும் சட்டத்தை யாரும் எடுத்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அதனால் கணக்கை முடிவிலிருந்து தொடங்குவது நல்லது. படித்து முடித்ததும் எந்தப் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எந்தப் படிப்பு என்பதை அங்கிருந்து பின்னோக்கி வந்து தேர்ந்தெடுக்கலாம்.

இரண்டு சட்டம், இரண்டு அமைச்சு

மலேசியாவில் 'கவுன்சலர்' என்ற பெயரை 1998-ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டம், அதாவது சட்டம் 580, காக்கிறது. மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சின் கீழுள்ள ஆலோசகர் வாரியம், மலாயில் 'லெம்பாகா கவுன்சலோர்', பதிவேட்டை வைத்திருக்கிறது. பதிவு ஒன்று, தொழில் நடத்துவதற்கான சான்றிதழ் இன்னொன்று, இரண்டும் வேண்டும். பெயர் அட்டையில் பெயருக்குப் பின்னால் 'கே.பி., பி.ஏ.' என்று போட்டிருந்தால் 'கவுன்சலோர் பெர்டாஃப்தார்' (பதிவு பெற்ற ஆலோசகர்), 'பெராக்குவான் அமாலான்' (தொழில் நடத்தும் சான்றிதழ்) என்ற இரண்டும் இருக்கின்றன என்று அர்த்தம்.

மருத்துவ உளவியலாளர், அதாவது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், முற்றிலும் வேறு கூரையின் கீழ் வருகிறார். 2016-இல் நிறைவேற்றப்பட்டு 2020 ஜூலை 1-ஆம் தேதி நடப்புக்கு வந்த சட்டம் 774, இயன்முறை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், உணவியல் நிபுணர் போன்றோருடன் அவரையும் சுகாதாரத் துணைத்தொழில்களின் பட்டியலில் சேர்த்தது. இந்தப் பதிவேட்டை வைத்திருப்பது சுகாதார அமைச்சின் கீழ் இயங்கும் சுகாதாரத் துணைத்தொழில் மன்றம்.

இந்த இரண்டுக்கும் வெளியே வெறும் 'சைக்காலஜிஸ்ட்' என்ற சொல் நிற்கிறது. அதை யார் போட்டுக்கொள்ளலாம், யார் கூடாது என்று தனிச் சட்டம் இல்லை. 'தெரபிஸ்ட்', 'லைஃப் கோச்' என்பனவும் அப்படியே. வார இறுதியில் இரண்டு நாள் பயிற்சி எடுத்தவரும் முறையான முதுகலைப் பயிற்சி பெற்றவரும் ஒரே மாதிரிப் பலகை மாட்டிக்கொள்ள இந்த இடைவெளி வழிவிடுகிறது. பணம் கட்டி உதவி தேடிப் போகும் குடும்பம் இரண்டு பதிவேட்டில் எதிலாவது அந்தப் பெயர் இருக்கிறதா என்று இணையத்தில் தேடிப் பார்க்கலாம், சில நிமிட வேலைதான். தொழில் தேடுபவருக்கோ இது எச்சரிக்கை. சட்டத்தின் காப்பு இல்லாத பெயரை வைத்துக்கொண்டு மருத்துவமனையில் வேலை கேட்க முடியாது.

மனநல மருத்துவரை இங்கே கலந்துவிடக் கூடாது. அவர் எம்பிபிஎஸ் முடித்து மனநலத்தில் சிறப்புப் பட்டம் பெற்ற டாக்டர். மருந்து எழுதித் தருவது அவர் வேலை. மருத்துவ உளவியலாளரும் ஆலோசகரும் மருந்து எழுத மாட்டார்கள்.

மருத்துவ உளவியலாளர்: குறுகலான கதவு

பாதை காகிதத்தில் நேரானது. உளவியலில் ஆனர்ஸ் இளங்கலை, அதன் மேல் மருத்துவ உளவியலில் முதுகலை, பிறகு பதிவு. இந்த முதுகலையில் வகுப்பு, ஆய்வேடு, மேற்பார்வையின் கீழ் நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சி மூன்றும் உண்டு. கோலாலம்பூரில் யூகேஎம் எனும் மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ஜாலான் ராஜா மூடா அப்துல் அசீஸ் வளாகத்திலும், ஹெல்ப் பல்கலைக்கழகத்திலும், செராஸிலுள்ள யூசிஎஸ்ஐ பல்கலைக்கழகத்திலும் இது நடத்தப்படுகிறது. முழுநேரமாகப் படித்தால் இரண்டு ஆண்டில் முடிக்கலாம் என்பது திட்டம். ஆய்வேட்டுக்குத் தரவு திரட்டுவது தாமதமாகி மூன்றாம் ஆண்டுக்குள் போவது மிகச் சாதாரணம். கையிருப்பைக் கணக்குப் பார்ப்பவர்கள் அந்த மூன்றாம் ஆண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும், ஏனென்றால் பயிற்சிக் காலத்தில் முழுநேர வேலைக்குப் போக வழியில்லை.

ஒரு தொகுதியில் எடுக்கப்படுபவர்கள் சிலரே. பயிற்சி மாணவர் நடத்தும் அமர்வுகளை மூத்தவர் ஒருவர் பார்த்தோ பதிவைக் கேட்டோ திருத்த வேண்டும், ஒரு மேற்பார்வையாளரால் அப்படிச் சிலரை மட்டுமே கவனிக்க முடியும். அதனால் விண்ணப்பதாரர் எண்ணிக்கை எவ்வளவு கூடினாலும் இடம் அதே வேகத்தில் கூடாது. நேர்காணலில் மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பதில்லை. பிறர் துன்பத்தைக் கேட்டுப் பழகியவரா, கேட்டதைத் தாங்குவாரா, விமர்சனத்தை ஏற்றுத் திருந்துவாரா என்பதையெல்லாம் தேர்வுக்குழு எடைபோடும். இளங்கலைக்கும் முதுகலைக்கும் இடையில் ஓராண்டோ இரண்டாண்டோ களத்தில் இருந்தவருக்கு இங்கே சாதகம் அதிகம். ஆட்டிசம் பிள்ளைகளுக்கான மையத்தில் உதவியாளராக இருக்கலாம். மனம் நொந்தவர்களிடம் தொலைபேசியில் பேசி ஆறுதல் தர 1970 முதல் கோலாலம்பூரில் இயங்கிவரும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பில் பயிற்சி பெற்றுத் தொலைபேசித் தொண்டராக இருக்கலாம். இப்படிப்பட்ட அனுபவம் விண்ணப்பத்தில் எழுதும் எந்த அலங்கார வாக்கியத்தையும்விட அதிகம் பேசும்.

பினாங்கிலிருந்து வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பயிற்சி பெரும்பாலும் கோலாலம்பூரும் அதன் சுற்றுப்புறமும் அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில் குவிந்திருக்கிறது. ஊரிலேயே இருந்து இளங்கலை முடித்தவரும் முதுகலைக்கு கோலாலம்பூரில் அறை எடுக்க வேண்டியிருக்கும். அந்த வாடகையையும் கட்டணத்தோடு சேர்த்துப் பாருங்கள்.

ஆலோசகர்: பாடத்திட்டத்தின் பெயரைப் பாருங்கள்

ஆலோசகராக விரும்புபவர்கள் தடுக்கிவிழும் இடம் ஒன்றே. வாரியம் அங்கீகரிப்பது குறிப்பிட்ட பாடத்திட்டத்தை. பல்கலைக்கழகம் புகழ்பெற்றதாக இருக்கலாம், அங்கே நடக்கும் எல்லா உளவியல் படிப்பும் ஆலோசகர் பதிவுக்குச் செல்லும் என்று பொருளில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஆலோசனை இளங்கலை, யூபிஎம் எனும் புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் வழிகாட்டல் ஆலோசனைப் பட்டம் போன்றவை இந்தத் தொழிலுக்கென்றே கட்டப்பட்டவை. பொது உளவியல் இளங்கலையில் நினைவாற்றல், புள்ளியியல், சமூக உளவியல் எல்லாம் கற்கலாம். ஆனால் எதிரில் ஒருவரை உட்காரவைத்து, மேற்பார்வையில் பல மணி நேரம் ஆலோசனை நடத்தும் பயிற்சி அதில் இருக்காது. வாரியம் தேடுவதோ அதைத்தான். உளவியல் இளங்கலையை ஏற்கெனவே முடித்துவிட்டவர்கள் அங்கீகாரம் பெற்ற ஆலோசனை முதுகலையில் சேர்ந்து இந்தக் குறையைச் சரிசெய்துகொள்ளலாம். அந்த வழி திறந்தே இருக்கிறது.

பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது பயிற்சி மணிகளுக்கான ஆதாரம் கேட்பார்கள். பெரும்பாலோர் இடறுவது இங்கே. ஒவ்வொரு அமர்வின் தேதி, நேரம், தனிநபரா குழுவா, மேற்பார்வையாளரின் கையொப்பம் எல்லாம் அன்றன்றைக்கே குறிக்கப்பட்டிருக்க வேண்டும். இண்டர்ன்ஷிப் முடிந்து ஆறு மாதம் கழித்து, இடம் மாறிப்போன மேற்பார்வையாளரைத் தேடிக் கையொப்பம் வாங்க அலைவது வீண் வேலை. சேவை பெற்றவரின் பெயரைக் குறிப்பேட்டில் எழுதாமல் குறியீட்டு எண் போடும் பழக்கத்தையும் முதல் நாளிலேயே தொடங்கிவிடுங்கள்.

இந்தியாவில் படிக்கப் போகிறவர்களுக்கும் இதே விதி. சென்னையிலோ பெங்களூரிலோ கவுன்சலிங் சைக்காலஜியில் எம்எஸ்சி முடித்துவிட்டு வந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். அங்கே பெயர்பெற்ற கல்லூரியாகவே இருக்கட்டும். இங்குள்ள வாரியம் பாடப்பட்டியலையும் பயிற்சி மணிகளையும் தனியாக மதிப்பிட்டுத்தான் ஏற்கும். மேற்பார்வைப் பயிற்சி இல்லாத, முழுக்க இணையவழிப் பட்டம் என்றால் சிக்கல் இன்னும் பெரிது. மருத்துவ உளவியலில் இந்தியாவின் எம்ஃபில் மருத்துவமனைப் பயிற்சியைக் கொண்டது. எம்எஸ்சியோடு அதை ஒன்றாக நினைக்கக் கூடாது. கட்டணம் கட்டுவதற்கு முன்பே, பாடப்பட்டியலை இணைத்து, இங்குள்ள வாரியத்துக்கோ மன்றத்துக்கோ மின்னஞ்சல் எழுதிப் பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏஜெண்டின் வாய்வார்த்தையை வாரியம் ஏற்காது.

பள்ளியில்: கவுன்சலிங் டீச்சரின் அறை

மேற்கத்திய நாடுகளில் 'பள்ளி உளவியலாளர்' என்று தனித் தொழிலே இருக்கிறது. பிள்ளைகளின் கற்றல் திறனைச் சோதிப்பது, சிறப்புக் கல்விக்குப் பரிந்துரைப்பது, ஆசிரியருக்கு வழி சொல்வது அவர் வேலை. மலேசியாவில் அந்தப் பெயருக்குத் தனிப் பதிவேடு கிடையாது. அந்த வேலை மூன்று நான்கு பேரிடம் சிதறிக் கிடக்கிறது: பள்ளியிலுள்ள வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியர், சிறப்புக் கல்வி ஆசிரியர், அரசு மருத்துவமனையின் குழந்தை மருத்துவக் குழு, தனியார் மருத்துவ உளவியலாளர். பிள்ளையின் கோப்பு இவர்களுக்கிடையே கைமாறும்போது மாதங்கள் ஓடிவிடுகின்றன. இந்தத் துறையில் நம் பிள்ளைகள் அதிகம் இழப்பது இங்கேதான் என்பது எங்கள் மதிப்பீடு.

பிள்ளைகள் 'கவுன்சலிங் டீச்சர்' என்று அழைப்பவரின் அதிகாரபூர்வப் பெயர் 'குரு பிம்பிங்கான் டான் கவுன்சலிங்', சுருக்கமாக ஜிபிகே. முதலில் அவர் ஆசிரியர், கல்விச் சேவை ஆணையத்தின் நியமனம், ஆசிரியர் சம்பளம். அவர் ஆலோசகர் வாரியத்தில் தனியாகப் பதிவு செய்திருக்கவும் கூடும், இல்லாமலும் இருக்கலாம். இந்தத் தொழிலுக்கு வர இரண்டு வழிகள் உண்டு. தஞ்சோங் மாலிமிலுள்ள யூப்ஸி (சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம்) போன்ற இடங்களில் கல்வியியலோடு சேர்ந்த வழிகாட்டல் ஆலோசனைப் பட்டம் படிப்பது ஒன்று. எஸ்பிஎம் முடித்ததும் ஆசிரியர் பயிற்சிக் கழகத்தின் பட்டப்படிப்பில் சேர்வது மற்றொன்று. அதற்கு வழக்கமாகக் குறைந்தது ஐந்து ஏ கேட்கிறார்கள், ஆயத்த ஆண்டோடு சேர்த்து ஐந்து ஆண்டு பிடிக்கும். ஆலோசனைப் பிரிவுக்கான இடம் ஒவ்வோர் ஆண்டும் மாறும் என்பதால் அந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்தே விண்ணப்பிக்க வேண்டும்.

இடைநிலைப்பள்ளிகளில் 500 மாணவருக்கு ஒரு முழுநேர ஜிபிகே என்பதும், தொடக்கப்பள்ளியில் 350 மாணவர் இருந்தால் ஒருவர் என்பதும் நெடுங்காலம் அளவுகோலாக இருந்துவந்தன. நாட்டின் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் கணிசமானவற்றில் 150 பிள்ளைகள்கூட இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நிலைமை தெளிவாகும். கோலாலம்பூரின் பெரிய தமிழ்ப்பள்ளிகள் தப்பித்தன. தோட்டப்புறத்துச் சிறு பள்ளியில் வகுப்பாசிரியர் ஒருவரே கூடுதல் பொறுப்பாக ஆலோசனையையும் சுமக்கிறார். உதவி அதிகம் தேவைப்படும் இடத்தில் ஆள் குறைவு.

இந்தப் பணியில் இருப்பவர்களைச் சோர்வடையச் செய்வது பிள்ளைகளின் பிரச்சினை அல்ல. நேரம்தான். ஆசிரியர் வராத வகுப்புக்கு மாற்றாக அனுப்புவது, உளவியல் அளவீட்டுப் படிவங்களை நிரப்பி ஏற்றுவது, நிகழ்ச்சி அறிக்கை எழுதுவது எல்லாம் வந்துவிடும். இதைவிட மோசமானது ஒழுங்குமுறையோடு கலப்பது. சண்டை போட்ட மாணவனைப் பிரம்போடு விசாரித்துவிட்டு அதே அறையில் 'மனசு விட்டுப் பேசு' என்றால் அவன் பேச மாட்டான். ஒழுங்கு ஆசிரியர் வேறு, ஆலோசனை ஆசிரியர் வேறு என்ற கோட்டைப் புதிதாகப் பணிக்கு வருபவர் முதல் வாரத்திலேயே தலைமையாசிரியரிடம் மரியாதையாகப் பேசிப் போட்டுக்கொள்ள வேண்டும். ரகசியக் காப்பு எதுவரை என்பதையும் அப்போதே எழுத்தில் பேசிக்கொள்ளலாம். பிள்ளை சொன்னதெல்லாம் தலைமையாசிரியருக்குப் போகாது. உயிருக்கு ஆபத்து, துன்புறுத்தல் என்றால் ரகசியம் காக்கப்படாது. இதைப் பிள்ளையிடமும் முதல் அமர்விலேயே, அவனுக்குப் புரியும் வார்த்தையில், சொல்லிவிட வேண்டும்.

தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் கட்டம் தனிக் கவனம் கேட்கிறது. ஆறு ஆண்டு தமிழில் கணிதமும் அறிவியலும் கற்ற பிள்ளை, முதலாம் படிவத்திலோ அதற்கு முன் மலாய்ப் பழக்கத்துக்காக நடத்தும் புகுமுக வகுப்பிலோ திடீரென்று மலாயில் எல்லாப் பாடத்தையும் எதிர்கொள்கிறான். வகுப்பில் வாய் திறப்பதில்லை, வீட்டுப்பாடம் செய்வதில்லை, பள்ளிக்கு மட்டம் போடுகிறான். மொழி தெரியாத தடுமாற்றமா, கற்றல் குறைபாடா, மனச்சோர்வா? மூன்றும் வெளியே ஒரே மாதிரித்தான் தெரியும். தமிழ் தெரிந்த ஜிபிகே ஒருவர் பள்ளியில் இருந்தால் இந்தக் கேள்விக்கு ஒரு வாரத்தில் விடை கிடைக்கலாம்.

தமிழில் சோதிக்கும்போது தவறுவது எங்கே

தமிழ் தெரிந்தால் போதும், நம் மக்களோடு வேலை செய்யலாம் என்று நினைப்பது பாதி சரி. தொழிலில் தமிழைப் பயன்படுத்துவது தனியாகப் பயில வேண்டிய திறன்.

பிள்ளைகளின் அறிவாற்றலை அளக்க உலகெங்கும் பயன்படும் விஸ்க்-5 தேர்வை எடுத்துக்கொள்வோம். 6 வயது முதல் 16 வயது 11 மாதம் வரை உள்ளவர்களுக்கானது. சராசரி 100, திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து மதிப்பெண்கள் விலகும் அளவு) 15. சொல்லறிவு, காட்சி-இட அறிவு, புதிர் தீர்க்கும் அறிவு, செயல் நினைவு, செயல் வேகம் என்று ஐந்து குறியீடுகள் தரும். இதில் எண்களை வரிசையாகச் சொல்லித் திருப்பிச் சொல்ல வைக்கும் பகுதி ஒன்று உண்டு. பிள்ளைக்கு ஆங்கிலம் தடுமாறுகிறது என்று இரக்கப்பட்டு, சோதிப்பவர் அந்த எண்களை அப்போதைக்குத் தமிழாக்கிச் சொல்கிறார். நல்லெண்ணம்தான், ஆனால் அங்கே அளவுகோல் உடைந்துவிட்டது. ஆங்கிலத்தில் ஒன்று முதல் ஒன்பது வரை 'செவன்' ஒன்றைத் தவிர எல்லாமே ஓரசைச் சொற்கள். நம் பேச்சில் ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு என்று ஒவ்வொன்றும் இரண்டசை, ஒம்பது மூன்றசை. சொல் நீண்டால் மனத்தில் ஓட்டிப் பார்க்க அதிக நேரமாகும், ஒரே மூச்சில் நினைவில் நிற்கும் எண்கள் குறையும். தமிழில் ஐந்து எண் சொன்ன பிள்ளையை ஆங்கில அட்டவணையில் வைத்து மதிப்பெண் போட்டால், அந்தப் பிள்ளையின் நினைவாற்றலைக் குறைத்து எழுதியதாக ஆகிவிடும். அந்தத் தாள் சிறப்புக் கல்விக் கோப்பில் பல ஆண்டு நிற்கும்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? பிள்ளை வீட்டில் எந்த மொழி, பள்ளியில் எந்த மொழி, எத்தனை ஆண்டாக என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். சொல்லை அதிகம் சாராத பகுதிகளுக்கு எடை கொடுங்கள். விதியை மீறி மொழி மாற்றினால், எந்தப் பகுதியில் மாற்றினோம் என்பதை அறிக்கையில் எழுதி, அந்த எண்ணை எச்சரிக்கையோடு படிக்கும்படி சொல்லுங்கள். மதிப்பெண்ணை மட்டும் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். இந்தத் தேர்வுப் பெட்டியைத் தகுதி பெற்றவருக்கு மட்டுமே வெளியீட்டு நிறுவனம் விற்கிறது. விடைத்தாளை நகலெடுத்துப் பயன்படுத்துவது சட்டப்படியும் தவறு, தொழில்நெறிப்படியும் தவறு. ஒரே பிள்ளைக்குச் சில மாத இடைவெளியில் மறுபடி அதே தேர்வை வைத்தால் பழக்கத்தாலேயே மதிப்பெண் ஏறும். அதனால் வேறு மையத்தில் ஏற்கெனவே சோதித்தார்களா என்று பெற்றோரைக் கேட்காமல் பெட்டியைத் திறக்க வேண்டாம்.

வாசிப்புக் குறைபாட்டைக் கண்டறிவது இதைவிட நுட்பமானது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளை மூன்று எழுத்து வழக்கங்களைக் கையாள்கிறான். மலாயில் எழுதியபடியே படிக்கலாம். ஆங்கிலத்தில் எழுத்தும் ஒலியும் அடிக்கடி பிரிந்துபோகும். தமிழில் 247 எழுத்து. 'கொ' என்று எழுதினால் ஒலி ஒன்று, குறி இரண்டு பக்கமும் நிற்கும். ண-ன-ந, ல-ள-ழ, ர-ற குழப்பம் வேறு. 'க' என்ற ஒரே எழுத்து இடத்துக்கேற்ப மூன்று விதமாக ஒலிக்கும். மூன்று மொழியிலும் ஒரு நிமிட வாசிப்பு, சொல்வதெழுதுதல், பொருளற்ற சொற்களைப் படித்தல் ஆகிய மூன்றையும் எடுத்துப் பிழைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றிலும் ஒலியைப் பிரிக்கத் திணறினால் குறைபாட்டின் பக்கம் யோசிக்கலாம். ஒரு மொழியில் மட்டும் திணறினால் அந்த மொழியில் போதிய பழக்கம் இல்லை என்பதே முதல் சந்தேகமாக இருக்க வேண்டும். மலேசியத் தமிழ்ப் பிள்ளைகளை வைத்தே தரப்படுத்திய கருவிகள் அரிது. ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும் முதுகலை மாணவர்கள் இதை எடுத்துக்கொண்டால் பல்லாண்டுக்குப் பயன்படும்.

இந்த அறிக்கைகள் பிள்ளையின் வாழ்க்கையில் வெகுதூரம் போகும். சமூகநல இலாகாவின் மாற்றுத்திறனாளி அட்டைக்கான படிவத்தை மருத்துவர்தான் உறுதிசெய்வார், ஆனால் உளவியல் அறிக்கை அவர் முடிவுக்குத் துணையாகும். அந்த அட்டையின் ஏழு பிரிவுகளில் 'கற்றல் சிரமம்' ஒன்று. வாசிப்புக் குறைபாடு, ஆட்டிசம், கவனக்குறைவு எல்லாம் அதில் அடங்கும். சிறப்புக் கல்வி வகுப்பு, பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் அதைத் தொடர்ந்து வரும். தனியார் மையத்தில் முழு மதிப்பீட்டுக்கு ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேல் ஆகிவிடும். அரசு மருத்துவமனையில் சிறப்பு மருத்துவரைப் பார்க்கக் குடிமக்களுக்கு 5 ரிங்கிட்தான், ஆனால் காத்திருக்க வேண்டும். வசதியில்லாத குடும்பத்திடம் இந்த இரண்டு வழியையும் ஒளிக்காமல் சொல்வது ஜிபிகேயின் கடமை.

'மன அழுத்தம்' என்றால் எது?

பெரியவர்களோடு வேலை செய்யும்போது சிக்கல் வார்த்தையில் தொடங்குகிறது. 'மன அழுத்தம்' என்ற சொல்லை நம் பத்திரிகைகள் வேலைப் பளுவால் வரும் நெருக்கடிக்கும் எழுதுகின்றன, டிப்ரெஷனுக்கும் எழுதுகின்றன. படிவத்தில் 'உங்களுக்கு மன அழுத்தம் உண்டா?' என்று கேட்டால், பதில் எதைப் பற்றியது என்று கேட்டவருக்கே தெரியாது. டிப்ரெஷனுக்கு 'மனச்சோர்வு' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, கூடவே எடுத்துக்காட்டும் தருவது நல்லது.

பிஎச்க்யூ-9 என்ற குறும்படிவம் கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்வி கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் முறையான மதிப்பீடு தேவை என்பது வழக்கம். செந்தூல் அடுக்குமாடியில் வாழும் ஐம்பத்தைந்து வயது அம்மா, 'மனசு சோர்ந்து போச்சா?' என்றால் 'இல்லைப்பா, நல்லாத்தான் இருக்கேன்' என்பார். அவரே 'தலை பாரமா இருக்கு, நெஞ்சு படபடங்குது, சமைக்கவே கை போகலை' என்று பத்து நிமிடம் பேசுவார். உடம்பின் மொழியில் வரும் மனச்சோர்வைக் கேட்கத் தெரியாதவர் அவரை 'பிரச்சினை இல்லை' என்று அனுப்பிவிடுவார். ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. 'செத்துப் போயிடலாம் போல இருக்கு' என்பது நம் வீடுகளில் அலுப்பிலும் வரும், உண்மையான முடிவிலும் வரும். வழக்கமான புலம்பல் என்று தள்ளிவிடக் கூடாது. எப்போதிலிருந்து, எப்படிச் செய்வதாக எண்ணம், கையில் என்ன இருக்கிறது, யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று நேராகக் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கியிருந்த தண்டனைச் சட்டப் பிரிவு 309-ஐ நாடாளுமன்றம் 2023-இல் நீக்கியது. 'போலீஸில் மாட்டிக்கொள்வேனா?' என்ற பயத்தில் வாய் திறக்காத குடும்பங்களுக்கு இந்தச் செய்தியைச் சொல்வதும் ஆலோசனையின் ஒரு பகுதியே. பேச ஆள் தேடுபவருக்குப் பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் எண் 03-7627 2929. சுகாதார அமைச்சின் மனநல உதவித் தொலைபேசியான ஹீல் எண் 15555.

தாய்க்குத் தமிழ் மட்டும் தெரியும், உளவியலாளருக்குத் தமிழ் தெரியாது என்றால் மகளை மொழிபெயர்க்க உட்காரவைப்பது எங்கும் நடக்கிறது. இது கூடாது. கணவன் அடிப்பதைத் தாய் மகள் வாய்வழியாகச் சொல்லமாட்டார். சொன்னாலும் பன்னிரண்டு வயது மகள் சுமக்க வேண்டிய வாக்கியமில்லை அது.

தமிழ் தெரிந்த இளம் ஆலோசகருக்கு வேறொரு சிக்கல். இருபத்தாறு வயதில் எதிரில் இருப்பவரை 'அங்கிள்', 'ஆன்ட்டி', 'அக்கா' என்று அழைக்காமல் இருக்க முடியாது, பெயர் சொன்னால் மரியாதைக்குறைவு. ஆனால் உறவுமுறையோடு உரிமையும் வந்துவிடும்: இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப், கல்யாணப் பத்திரிகை, கடன். நேர எல்லையையும் தொடர்பு எல்லையையும் முதல் நாளே எழுத்தில் கொடுத்துவிட்டால் உறவுமுறைச் சொல் இடைஞ்சல் செய்யாது. நம் சமூகம் சிறியது. பிரிக்பீல்ட்ஸ் கடையிலோ பத்துமலைப் படியிலோ நேருக்கு நேர் பார்த்துக்கொள்வீர்கள். 'வெளியில் பார்த்தால் நானாக வந்து பேச மாட்டேன், நீங்கள் பேசினால் பேசுவேன்' என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அதற்குக் காரணத்தையும் சொல்லுங்கள்.

தேவை இருக்கிறது, இடம் எங்கே?

2023-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு, 16 வயதுக்கு மேற்பட்டோரில் 4.6 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருப்பதாகச் சொன்னது. 2019-இல் பெரியவர்களிடையே அது 2.3 விழுக்காடு. 2022-இல் பள்ளி மாணவரிடம் நடத்தியதில் நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வு அறிகுறி தெரிந்தது. தேவை கண்ணெதிரே இருந்தாலும் அரசுப் பணியிடங்கள் அதே அளவுக்குப் பெருகவில்லை. கோலாலம்பூர் மருத்துவமனை போன்ற இடங்களில் மருத்துவ உளவியலாளர் பணியிடம் கைவிரல் விட்டு எண்ணும் அளவில்தான் திறக்கும். ஆலோசகருக்குப் பொதுச்சேவையில் 'பெகாவாய் பிசிக்கோலோகி', அதாவது உளவியல் அதிகாரி, என்ற பதவி உண்டு. பழைய எஸ்41 தரம், 2024 டிசம்பரில் வந்த புதிய சம்பளத் திட்டத்தில் எஸ்9. சிறைச்சாலை, சமூகநலம், பல்கலைக்கழகம் என்று பல துறைகளில் இந்தப் பதவி இருக்கிறது. மருத்துவமனையை மட்டும் பார்த்துக் காத்திருப்பவர்கள் இவற்றைத் தவறவிடுகிறார்கள்.

தனியாக மையம் தொடங்குவோர் பதிவு பெற்ற முதல் ஆண்டிலேயே தனியறை வாடகைக்கு எடுப்பது அவசரம். மூத்தவர் நடத்தும் மையத்தில் வாரத்துக்குச் சில மணி நேரம் அறை பகிர்ந்துகொண்டு, அவரிடமே மேற்பார்வையும் பெறுவது செலவும் குறைவு, பாதுகாப்பும் அதிகம். கட்டணம் நிர்ணயிக்கும்போது நேரில் உட்காரும் ஐம்பது நிமிடத்தை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள். குறிப்பு எழுதுவது, பள்ளிக்குத் தொலைபேசி, வராமல் போன அமர்வு எல்லாம் சேர்த்தால் ஓர் அமர்வுக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகலாம்.

இப்போது ஐந்தாம் படிவத்திலோ ஆறாம் படிவத்திலோ இருக்கும் பிள்ளைக்கு இந்த வாரமே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. மனத்திலிருக்கும் பாடத்திட்டத்தின் முழுப் பெயரை, ஆனர்ஸ் என்ற சொல்லோடு சேர்த்து, ஒரு தாளில் எழுதுங்கள். ஆலோசகர் வாரியத்தின் அங்கீகாரப் பட்டியலில் அது இருக்கிறதா, சுகாதாரத் துணைத்தொழில் மன்றம் ஏற்கும் முதுகலைக்குள் அது நுழைய விடுமா என்று இரண்டு கேள்வியையும் அதன் கீழே எழுதி, இரண்டுக்கும் மின்னஞ்சலில் பதில் கேளுங்கள். பதில் வந்த பிறகு பதிவுக் கட்டணத்தைக் கட்டலாம்.